‘அந்நியன்’ நாவலில் கடவுளும் வாழ்வின் பொருளும்: முதன்முறை வாசிப்பவர்களுக்கு

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜோர்ஜ்டவுனில் என் வீட்டு முன்கூடத்தில் மாதத்திற்கு ஒருமுறை எட்டுப் பத்துப் பேர் கூடி ஒரு நாவலைப் படித்துப் பேசுகிறோம். சென்ற முறை எடுத்துக்கொண்டது பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’. பிரெஞ்சில் 1942இல் வெளிவந்து, வெ. ஸ்ரீராமின் நேரடி மொழிபெயர்ப்பில் 1980 முதல் தமிழில் கிடைக்கும் சிறிய நூல் அது. வந்திருந்தவர்களில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்திற்கு முந்தைய வகுப்பு) மாணவிகள் இருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, “டீச்சர், கடவுள் இல்லை, அதனால் வாழ்க்கைக்கு அர்த்தமில்லை, இதைத்தானே இந்தக் கதை சொல்கிறது?” என்று கேட்டாள். இந்நாவலை முதன்முறை வாசிக்கும் பெரும்பாலோர் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். நானும் இருபது வயதில் இப்படித்தான் புரிந்துகொண்டேன். அவளுடைய கேள்வியில் கடவுள், அர்த்தம் என்ற பெரிய சொற்களுக்கு நடுவே ‘அதனால்’ என்ற சின்னஞ்சிறு சொல் ஒன்று இருக்கிறது. நாவல் உரசிப் பார்ப்பது அந்தச் சொல்லைத்தான் என்பது என் வாசிப்பு. அதைப் படிப்படியாக விளக்க முயல்கிறேன்.

கதை எளிது. அல்ஜியர்ஸ் நகரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மெர்சோ என்ற இளைஞன், முதியோர் இல்லத்தில் இறந்துபோன தாயை அடக்கம் செய்துவிட்டு வருகிறான். மறுநாள் கடலில் நீந்துகிறான். மரி என்ற பெண்ணுடன் சிரிப்புப் படம் பார்க்கிறான். சில வாரங்கள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரன் ஒருவனின் தகராறில் இழுபட்டு, கடற்கரையின் சுட்டெரிக்கும் வெயிலில் ஓர் அரபு இளைஞனைச் சுட்டுக் கொல்கிறான். முதலில் ஒரு குண்டு, சற்று நிறுத்தி மேலும் நான்கு. நாவலின் இரண்டாம் பாகம் முழுவதும் விசாரணை, தீர்ப்பு, சிறை ஆகியவற்றைப் பற்றியது.

இதை இருத்தலியல் நாவல் என்று வகைப்படுத்துவது வழக்கம். அந்தச் சொல்லை விளக்க, என் பாட்டி கெடா மாநில ரப்பர் தோட்டமொன்றில் பயன்படுத்திய பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொள்கிறேன். அதன் முனை மடிந்து வளைந்திருக்கும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும், உள்ளே மரத்தில் காயம் படக்கூடாது என்று தெரிந்த ஒருவர்தான் அதை அப்படி அடித்திருக்க முடியும். ஆகவே அந்தக் கத்தி உருவாவதற்கு முன்பே அதன் பயன் ஒருவர் மனத்தில் இருந்துவிட்டது. மனிதன் அப்படிப்பட்ட பொருள்தானா என்பதே கேள்வி. படைத்தவன் ஒருவன் உண்டு என்று நம்புகிறவர், நாம் பிறப்பதற்கு முன்பே நமக்கான நோக்கம் அவனிடத்தில் இருக்கிறது என்று அமைதி கொள்ளலாம். 1945 அக்டோபரில் பாரிஸில் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் இதற்கு எதிர்ப்பக்கத்தை எடுத்தார்: மனிதன் முதலில் இருக்கிறான், பிறகுதான் தன் செயல்களால் தான் இன்னது என்று ஆகிறான். எனினும், இருத்தலியல் என்றாலே நாத்திகம் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் முன்னோடியாகக் கருதப்படும் டென்மார்க் தத்துவவாதி கீர்க்கேகார்ட் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையாளர். காம்யுவோ, தம்மை இருத்தலியலாளர் என்று அழைப்பதை 1945லேயே மறுத்தவர். (என் பாட்டியின் வாழ்க்கைக்கும் தோட்ட நிர்வாகம் முன்கூட்டியே ஒரு பயனை வகுத்து வைத்திருந்தது என்பதை நினைக்கும்போது, நோக்கம் என்பது எப்போதும் ஆறுதலான சொல்லாகவே இருந்துவிடுவதில்லை என்று தோன்றுகிறது.)

காம்யுவுக்கே உரிய சொல் ‘அபத்தம்’. இதைத்தான் தொடக்க வாசகர்கள் அதிகம் தவறாகப் பொருள்கொள்கிறார்கள். உலகம் அபத்தமானது என்றோ, மனித வாழ்க்கை அபத்தமானது என்றோ அவர் பொத்தாம் பொதுவாகச் சொல்லவில்லை. நாவல் வெளிவந்த அதே 1942இல், பாறையை ஓயாமல் மலைமேல் உருட்டும் தண்டனை பெற்ற கிரேக்கப் புராண மனிதன் சிசிபஸ் பற்றி வெளியிட்ட கட்டுரை நூலில் அவர் தரும் விளக்கம் துல்லியமானது: பொருள் வேண்டும் என்று ஏங்கும் மனிதன் ஒரு பக்கம், அந்த ஏக்கத்திற்கு எந்தப் பதிலும் தராத உலகம் மறுபக்கம், இவ்விரண்டும் எதிரெதிரே நிற்பதால் பிறப்பதே அபத்தம். வாசலில் நின்று ஒருவர், “அம்மா, இருக்கீங்களா?” என்று கூப்பிடுகிறார், உள்ளே யாரும் இல்லை. கூப்பிட்டதில் பிழையில்லை, வீடு வெறிச்சோடிக் கிடப்பதிலும் பிழையில்லை. கூப்பிட்ட குரலும் பதில் தராத வீடும் சந்திக்கும் அந்தக் கணம் மட்டுமே நெஞ்சை உறுத்துகிறது. குரலை நிறுத்திக்கொண்டால் உறுத்தல் போய்விடும். அது தற்கொலையின் வழி. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டாலும் உறுத்தல் போய்விடும். கீர்க்கேகார்ட் போன்றோர் எடுத்த நம்பிக்கைப் பாய்ச்சல் அது என்கிறார் காம்யு. இரண்டையும் ஏற்காமல் வாசலிலேயே கண்விழித்து நிற்க முடியுமா என்பதே அவருடைய ஆய்வு.

இந்த உறுத்தல் தமிழுக்குப் புதிதன்று. ஒரு வீட்டில் சாவுப் பறையும் இன்னொரு வீட்டில் திருமண முழவும் ஒரே வேளையில் ஒலிப்பதைக் கண்ட பக்குடுக்கை நன்கணியார், இப்படி உலகைப் படைத்தவனைப் ‘பண்பிலாளன்’ என்றே புறநானூற்றின் 194ஆம் பாடலில் சொல்லிவிடுகிறார். அடுத்த அடியில், இவ்வுலகம் இன்னாதது, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும் என்கிறார். என் வாசிப்புக் குழுவில் இந்தப் பாடலை வாசித்ததும், “அப்படியென்றால் மெர்சோ நம்ம ஆள்தான்” என்றார் ஒருவர். ஓரளவுக்குத்தான் அது சரி. நன்கணியாருக்குக் கோபித்துக்கொள்ள ஒருவன் இருக்கிறான். மெர்சோவுக்கு அப்படி யாரும் இல்லை. ஆகவே நாவலின் பெரும்பகுதியில் அவனிடம் புகாரும் இல்லை.

இனி ‘அதனால்’ என்ற சொல்லுக்கு வருவோம். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில், விசாரணை நீதிபதி மெர்சோவைத் தனியே அழைத்து விசாரிக்கிறார். முதல் குண்டுக்கும் அடுத்தவற்றுக்கும் நடுவே ஏன் நிறுத்தினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், பதில் வரவில்லை. உடனே எழுந்து, அலமாரியிலிருந்து வெள்ளிச் சிலுவை ஒன்றை எடுத்து ஆட்டியபடி, கடவுள் மன்னிக்காத அளவுக்குப் பெரிய குற்றவாளி எவனும் இல்லை, மனம் வருந்தினால் போதும் என்கிறார். கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்கிறார். இல்லை என்கிறான் மெர்சோ. அது இயலாத காரியம், முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்கூட உள்ளூர நம்பத்தான் செய்கிறார்கள், அதில் தமக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தம் வாழ்க்கைக்கே பொருள் இல்லாமல் போய்விடும் என்று பதறும் நீதிபதி, “என் வாழ்க்கை பொருளற்றுப் போக வேண்டும் என்கிறீர்களா?” என்று கத்துகிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று யோசிக்கலாம். கடவுள் இல்லாவிட்டால் வாழ்க்கைக்குப் பொருள் இல்லை என்ற வாக்கியம் இந்த நாவலில் யார் வாயிலிருந்து வருகிறது? நம்பாதவனுடைய வாயிலிருந்து அன்று, நம்புகிறவருடைய வாயிலிருந்து. ‘அதனால்’ என்ற சொல் நீதிபதியுடையது. மெர்சோ அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை. அது தன்னைச் சார்ந்த விஷயம் அல்ல என்று அவன் நினைக்கிறான், அப்படியே சொல்லியும் விடுகிறான். அதற்குள் நீதிபதி சிலுவையை மேசைக்கு மேலாக அவன் கண்ணெதிரே நீட்டி, தாம் கிறிஸ்தவர் என்றும், அவனுடைய பாவங்களுக்காக அந்த ஆண்டவரிடம் மன்னிப்பு வேண்டுவதாகவும் கூவுகிறார். அப்போது அவர் ‘நீங்கள்’ என்பதை விட்டு ‘நீ’ என்று பேசத் தொடங்கிவிட்டதை மெர்சோ கவனிக்கிறான். ‘நீங்கள்’ ‘நீ’யாக மாறும் கணத்தின் கனம் தமிழ் வாசகருக்கு விளக்காமலேயே புரியும். ஒருவருடைய நம்பிக்கை எதிரே இருப்பவனுடைய ஒப்புதலைச் சார்ந்து நிற்கும்போது, மரியாதைப் பன்மை அங்கே முதலில் உதிர்கிறது.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி கூடுதலாக உறைக்கும். 1970 ஆகஸ்ட் 31இல் பிரகடனப்படுத்தப்பட்ட, நாட்டின் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பதுதான். ஏழு வயது முதல் பள்ளிச் சபைகூடலில் அதைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். என் வீட்டிலிருந்து நடந்தால், 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1818இன் செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம், 1833இன் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவில் ஆகிய மூன்றையும் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். வாழ்வின் பொருள் என்ன என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும் தெருக்கள் இவை. இங்கே உட்கார்ந்து மெர்சோவை வாசிப்பது, பாரிஸில் வாசிப்பதைவிடக் கடினமானது, அதனாலேயே பயன் மிக்கது என்று நினைக்கிறேன். நான் கோவிலுக்குப் போகிறவள், இன்றும் போகிறேன். இருந்தும் அந்த நீதிபதியின் கூச்சலில் என் குரலையும் கேட்டிருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வழக்கு விசாரணையை விரைவாகக் கடந்துவிடலாம், ஒன்றைத் தவிர. அங்கே கொலையைவிட அதிகமாக விசாரிக்கப்படுவது, தாயின் உடல் அருகே மெர்சோ காப்பி குடித்தான், புகைத்தான், அழவில்லை என்பதுதான். தாயைப் புதைத்ததற்காகக் குற்றம் சாட்டுகிறீர்களா, ஆளைக் கொன்றதற்காகவா என்று அவனுடைய வழக்கறிஞரே கேட்க வேண்டியிருக்கிறது. தாயின் இறுதிச் சடங்கில் அழாத எவனும் நம் சமூகத்தில் மரண தண்டனைக்கு ஆளாகும் அபாயம் உண்டு என்று தாம் இந்நாவலைச் சுருக்கிச் சொன்னதாக, 1955இல் எழுதிய முன்னுரையில் காம்யு நினைவுகூர்கிறார். என் அம்மா இறந்தபோது என் கண்ணில் நீர் வரவில்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, “அழுதுடும்மா, அழுதுடு” என்றார். அது அன்பிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் துக்கத்திற்கும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட வடிவம் உண்டு, அந்த வடிவத்திற்குள் வராத துக்கம் துக்கமாகவே கொள்ளப்படாது என்பதும் அன்று எனக்குப் புரிந்தது. நாவலில் மதமும் நீதிமன்றமும் கேட்பது இதே வடிவத்தைத்தான். மெர்சோ உணராததை உணர்ந்ததாகச் சொல்ல மறுக்கிறான். காம்யுவின் முன்னுரைப்படி, அவன் பொய் சொல்ல மறுக்கிறான். நாவலின் தொடக்கத்திலேயே ஒரு சிறு குறிப்பு உண்டு: அம்மா சமயச் சடங்குடன் அடக்கம் செய்யப்பட விரும்பியதாக இல்ல நிர்வாகி சொல்லும்போது, அம்மா நாத்திகர் இல்லையென்றாலும் உயிரோடிருந்தவரை மதத்தைப் பற்றி நினைத்ததே இல்லையே என்று மெர்சோ எண்ணிக்கொள்கிறான்.

இரண்டாவது பெரிய காட்சி கடைசி அத்தியாயத்தில் வருகிறது. மரண தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது. சிறைப் பாதிரியாரைச் சந்திக்க மெர்சோ மூன்று முறை மறுத்துவிட்டான். அவர் தாமாகவே அறைக்குள் வருகிறார். நீதிபதியைப் போல அவர் கத்துவதில்லை. மென்மையானவர், உண்மையாகவே கவலைப்படுகிறவர். இந்தக் கற்சுவர்களிலிருந்து தெய்வ முகம் ஒன்று எழுவதை மிகக் கீழ்நிலைக் கைதிகள்கூடக் கண்டிருக்கிறார்கள் என்கிறார். மாதக்கணக்கில் இந்தச் சுவரைத்தான் பார்க்கிறேன், தேடியது மரியின் முகத்தை, அதுவும் தெரியவில்லை என்கிறான் மெர்சோ. இருவரும் பார்ப்பது ஒரே சுவர். தம்மை ஏன் ‘தந்தையே’ என்று அழைக்காமல் ‘ஐயா’ என்று அழைக்கிறாய் எனப் பாதிரியார் கேட்கும்போது மெர்சோ எரிச்சலடைகிறான்: நீங்கள் என் தந்தை அல்லர், நீங்கள் மற்றவர்களின் பக்கம். முன்பின் தெரியாதவரையும் அண்ணா, அக்கா, மாமா என்று உறவாக்கிக்கொள்ளும் நமக்கு இது முரட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராக அத்தனை பேர் திரண்ட பிறகு, உறவுச்சொல் ஒன்றை அவன்மீது சுமத்துவதும் ஒரு வகை வற்புறுத்தல்தான்.

“உங்களுக்காக நான் வேண்டிக்கொள்வேன்” என்ற பொருளில் பாதிரியார் பேசும்போது மெர்சோ வெடிக்கிறான். நாவல் முழுவதும் குரல் உயர்த்தாதவன் அவருடைய அங்கியின் கழுத்தைப் பற்றி உலுக்கிக் கத்துகிறான். அவருடைய உறுதிப்பாடுகளில் ஒன்றுகூட ஒரு பெண்ணின் தலைமுடிக்கு ஈடாகாது என்கிறான். எல்லோருமே சாவுக்கு விதிக்கப்பட்டவர்கள் என்கிறான். இது வாழ்வின் பொருளின்மையை அறிவிக்கும் பேச்சு என்று பலர் சொல்வார்கள், பாதி உண்மைதான். தனக்கு வெளியிலிருந்து, சாவுக்குப் பின்னாலிருந்து தரப்படும் பொருளை அவன் தூக்கி எறிகிறான். ஆனால் எறிந்த உடனே அவனுக்குக் கிடைப்பது வெறுமை இல்லை. காவலர்கள் பாதிரியாரை விடுவித்த பிறகு அவன் உறங்கி, முகத்தின் மேல் விண்மீன்கள் ஒளிர விழிக்கிறான். இரவின் மணமும் மண்ணின் மணமும் உப்பின் மணமும் வருகின்றன. நெடுநாள் கழித்து முதன்முறையாக அம்மாவை நினைக்கிறான். முதியோர் இல்லத்தில் கடைசிக் காலத்தில் அவள் ஏன் ஒரு துணையைத் தேடிக்கொண்டாள் என்பது புரிகிறது. அவளுக்காக அழ யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறான். உலகத்தின் மென்மையான அக்கறையின்மைக்குத் தன்னைத் திறந்துவைத்தபோது, தான் மகிழ்ச்சியாக இருந்ததாகவும் இப்போதும் இருப்பதாகவும் உணர்கிறான். வீடு காலி என்பதை ஏற்றுக்கொண்ட பிறகும் வாசலில் நிற்பவனுக்குக் காற்று வீசுகிறது, பக்கத்து மரத்தின் நிழல் விழுகிறது. இது போதுமா என்பது வேறு கேள்வி. இதை வெறுமை என்று சொல்ல முடியாது.

இங்கே ‘அதனால்’ உடைந்துவிடுகிறது. நம்பிக்கையைப் பொய்யென்று நாவல் நிரூபிக்கவில்லை. எந்தக் கதையாலும் அது முடியாது. காம்யுவுக்கும் அந்த நோக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி நாட்களில் கிறிஸ்தவச் சிந்தனையாளர் புனித அகஸ்தீனையும் பழங்காலத் தத்துவவாதி புளோட்டினஸையும் ஆராய்ந்து 1936இல் ஆய்வேடு எழுதியவர் அவர். பின்னர் பாரிஸில் தொமினிக்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகளிடையே பேசியபோது, கிறிஸ்தவ உண்மை ஒரு மாயை என்ற இடத்திலிருந்து தாம் தொடங்க மாட்டேன் என்றும், அதற்குள் தம்மால் நுழைய முடியவில்லை என்ற இடத்திலிருந்தே தொடங்குவதாகவும் சொன்னார். அந்த 1955 முன்னுரையில் மெர்சோவை, நமக்குத் தகுதியான ஒரே கிறிஸ்து என்றுகூடக் குறிப்பிட்டு, தெய்வநிந்தை நோக்கத்தில் அப்படிச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

நாவலை நேசிக்கும் நான் அதன் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். கொல்லப்பட்டவனுக்குப் பெயர் இல்லை. அவன் ‘அரபு’ மட்டுமே. அவனுக்குத் தாய் உண்டா, அவள் அழுதாளா என்று நீதிமன்றமும் கேட்கவில்லை, பாதிரியாரும் கேட்கவில்லை, விண்மீன்களின் கீழ் மெர்சோவும் நினைக்கவில்லை. காலனி ஆட்சியில் பெயர் இழந்து வாழ்ந்த தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது கண்ணில் படாமல் போகாது. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவுத் 2013இல் ஒரு நாவல் எழுதி, அந்த இறந்தவனுக்கு மூசா என்று பெயரிட்டு, அவனுடைய தம்பியைப் பேச வைத்தார். மெர்சோ கண்டடையும் அமைதி மற்றொருவனின் உயிரைத் தாண்டித்தான் வருகிறது என்பதை மறந்துவிட்டு, அவனை விடுதலை பெற்ற ஞானியாகக் கொண்டாடுவதை நான் ஏற்கவில்லை.

புதிதாக வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் முழு நாவலையும் நிறுத்தாமல் வாசியுங்கள். அதிக நேரம் எடுக்காது. பிறகு இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் அடுத்தடுத்து வாசியுங்கள். நீதிபதி பதினொரு மாத விசாரணையில் அவ்வப்போது மெர்சோவைத் தோளில் தட்டி, “கிறிஸ்து விரோதியாரே” என்று செல்லமாக அழைத்து அனுப்புகிறார். அவருடைய பதற்றம் வழக்கமாகிவிட்டது, பழைய கேள்வி எழவே இல்லை. பாதிரியாரோ காவலர்களைத் தடுத்து, மெர்சோவைச் சிறிது நேரம் பேசாமல் பார்க்கிறார். அவர் கண்களில் நீர் நிறைந்திருக்கிறது. திரும்பி மறைந்துவிடுகிறார். அந்த மாணவி அன்று கடைசியாகக் கேட்டது இதைப் பற்றித்தான்: “அந்தக் கண்ணீர் மெர்சோவுக்காகவா டீச்சர், இல்லை அவருக்காகவேயா?” நாவலில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த கூட்டத்திற்கு அந்த ஒரு பக்கத்தை மட்டும் எல்லோரும் மறுபடி வாசித்து வருவது என்று முடிவு செய்திருக்கிறோம்.